பாதி இன்டர்நெட் வந்த வாரம்

இன்டர்நெட் ஆபீசில் புகார் வாங்கும் வேலை என்பது, நாம் செய்யாத தப்புக்கு நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று நாமே சொல்லிப் போனை வைக்கிற வேலை. எந்த ஊரிலாவது, எந்த ஆபீசிலாவது போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காது சிவந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, நீங்க நம்ம ஆளு. போன் பண்ணித் திட்டுகிற கட்சியா? நீங்களும் வாங்க. மோடத்தில் எரியும் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியாதா என்ன?

நான் சுமதி. காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். வீடுகளுக்குக் கம்பி இழுத்து நெட் கொடுக்கிறோம். முதலாளி ராஜேந்திரன் அண்ணன் கம்பம் கம்பமாக வெளியே ஓடுவார். நான் உள்ளே போனைக் கட்டிக்கொண்டு அழுவேன். நெட்டை நாங்கள் ஒன்றும் காய்ச்சி வடிப்பதில்லை. எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். எது வந்தாலும் எல்லை தாண்டித்தான் வந்தாக வேண்டும். நெட்டும் அப்படித்தான். நாகப்பட்டினம் பக்கமிருந்து ஒரு பெரிய கம்பெனியின் கம்பி வருகிறது, மாயவரம் பக்கமிருந்து இன்னொரு பெரிய கம்பெனியின் கம்பி வருகிறது. இரண்டிலும் வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கம்பெனிகளின் பேர் வேண்டாம், எதற்கு வம்பு! நாகைக் கம்பெனி, மாயவரம் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த இரண்டு கம்பெனியும் முட்டிக்கொண்ட ஒரு வாரத்தில் நான் பட்ட பாடுதான் இது.

பாட்டு வருது, காத்து வரல

திங்கட்கிழமை. ஷட்டரைத் தூக்கிவிட்டு சாமி படத்துக்குப் பூ வைப்பதற்குள் போன். கருக்களாச்சேரி கலியபெருமாள் அண்ணன். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். மறுநாள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று, காற்றின் வேகம் காட்டும் ஒரு இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவார். "நெட்டே வரலையாண்ணே?" என்றேன். "வருது தங்கச்சி. வூட்டுல புள்ளைவொ பாட்டு கேக்குது, அருமையா வருது. காத்து பாக்கற பக்கம் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது" என்றார்.

இது என்னடா கூத்து என்றிருந்தது. நெட் வந்தால் எல்லாம் வரணும், போனால் எல்லாம் போகணும். பாதி வந்து பாதி வராத நெட்டை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மோடத்தை எப்போது அணைத்தீர்கள் என்று கேட்டேன். படுக்கும்போது அணைத்தாராம், விடிந்ததும் போட்டாராம். இது எங்கள் ஊரில் பாதி வீட்டில் வழக்கம். கேஸை மூடி, வாசல் லைட்டை அணைத்து, கூடவே மோடத்தையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். இடி விழுந்தால் போய்விடும் என்று சிலருக்குப் பயம், ஓடிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிடும் என்று சிலருக்குப் பயம். "எதுக்கும் இன்னொரு தடவை அணைச்சுப் போடுங்கண்ணே" என்றேன். போட்டார். பாட்டு வந்தது, காத்து வரவில்லை. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏந்தங்கச்சி, அப்ப நாளைக்குப் பாட்டைப் போட்டுக்கிட்டே கடலுக்குப் போவச் சொல்றியா?"

என் குரலே எனக்கு எதிரி

அடுத்தடுத்து அதே கதை. ஒருவருக்குப் படம் வருகிறது, பேங்க் திறக்கவில்லை. இன்னொருவருக்கு வீடியோ காலில் முகம் தெரிகிறது, கேஸ் புக் பண்ண முடியவில்லை. போனை வைத்தால் அடிக்கிறது, எடுத்தால் திட்டுகிறது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. போன் வயர் எட்டுகிற தூரத்துக்கு நடந்துகொண்டே பேசினேன். பத்து மணிக்கு மேல் ராஜேந்திரன் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்தார். இரண்டு பெரிய கம்பெனியும் சண்டை போட்டுக்கொண்டு விட்டனவாம். அவன் கம்பியில் வருவதை இவன் வாங்க மாட்டானாம், இவன் கம்பியில் வருவதை அவன் வாங்க மாட்டானாம். ஆக, நாகைக் கம்பியில் இருக்கிற வீட்டில், மாயவரத்தான் வசம் இருக்கிற எதுவும் திறக்காது. மாயவரம் கம்பியில் இருந்தால் நாகைக்காரன் வசம் இருப்பது திறக்காது. ஊருக்கே பாதிப் பாதி.

"நம்ம ஆளுங்க பாதிப் பேரு மாயவரம் கம்பியிலதானே இருந்தாங்க?" என்று கேட்டேன். அங்கேதான் வில்லங்கம். நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நாகைக்காரனிடமும் கம்பி வாங்குகிறாயா என்று மாயவரத்தான் எங்கள் மேல் கோபித்துக்கொண்டானாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடு ஓடட்டும், புதிதாக யாரையும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். மோடத்தை அணைத்துப் போட்டால், போட்டவர் புது ஆள். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தவர் டீ குடிக்க இறங்கினால் இடம் போகிற மாதிரி. இறங்கியவர் எல்லாரையும் நாகைக் கம்பிதான் அள்ளிக்கொள்ளும். சட்டென்று போனைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் எங்கள் ஆபீசுக்கு யார் போன் செய்தாலும், நான் எடுப்பதற்கு முன்னால் ஒரு பதிவுக் குரல் பேசும். "தயவுசெய்து தங்கள் மோடத்தை அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போடவும்." தேன் தடவிப் பேசும் அந்தக் குரல் என்னுடையதேதான். இங்கே ஒருத்தி அணைக்காதீங்க அணைக்காதீங்க என்று கத்துகிறாள், அதற்கு முன்னாலேயே இன்னொருத்தி அணைக்க வைத்துவிடுகிறாள். அதை உடனே நிறுத்துங்கண்ணே என்று கத்தினேன். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அதைப் பதிஞ்சு குடுத்தவரு பொண்ணு கல்யாணத்துக்கு மதுரை போயிருக்காரு சுமதி. அவரு வந்தாத்தான் நிறுத்தத் தெரியும், அதுவரைக்கும் ஒங்கொரலு சொல்லிக்கிட்டேதான் கெடக்கும்."

குரும்பகரத்துக் கவிதா

கவிதாவின் போன் அன்று மத்தியானம் வந்தது. குரும்பகரத்துப் பெண். மாமனாருக்கு நெல் சாகுபடி, புருஷன் அவரோடு வயலில். போன சம்பா அறுவடை நேரத்தில் மழை வந்து கதிரோடு சாய்த்துவிட்டது. அந்த வீட்டில் மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் கவிதாதான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, வெளிநாட்டு ஆஸ்பத்திரி விவரங்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலை. அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம். போன் நெட்டில் வேலை செய்யக்கூடாது, வீட்டுக்கு வரும் கம்பி நெட்டில்தான் செய்யணும், கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில் உட்காரணும். நோயாளிகளின் விவரமாச்சே.

அவள் மாயவரம் கம்பியில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். காலையில் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று எங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். என் பதிவுக் குரல் பேசியிருக்கிறது. நல்ல பிள்ளையாக மோடத்தை அணைத்துப் போட்டிருக்கிறாள். போயிற்று. அவள் வேலை செய்யும் தளம் மாயவரத்தான் வசம், அவளோ இப்போது நாகைக் கம்பியில். அவளுக்குப் புரொபேஷன் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். அதுவரை ஒழுங்காக வேலைக்கு வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அழவில்லை அந்தப் பெண். அழுதிருந்தாலாவது எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும். மெதுவாக ஒன்று சொன்னாள். எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க்கா அணைச்சேன்."

அணைக்க மாட்டேன் போ

தலத்தெரு ஹமீதா ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரே அவரை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடும். எங்கள் ஆபீசில் அவர் பேரைச் சொன்னாலே அண்ணன் மாடியிறங்கிப் போய்விடுவார். ஐம்பதைத் தாண்டியவர், வீட்டுக்காரர் இல்லை, பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் நிஜாம் பிரான்சில். அவர் உம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கூடத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறார். நெட் நின்றால் கேமரா நிற்கும், கேமரா நின்றால் பிரான்சிலிருந்து அக்கம்பக்கம் முழுக்கப் போன் பறக்கும். அதனால் யார் சொன்னாலும் மோடத்தை அணைக்காதீங்க என்று உம்மாவிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி, அதற்கென்றே ஒரு இன்வர்ட்டரும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வழக்கமான நாட்களில் நானும் ராத்தாவும் இதற்காக மல்லுக்கட்டாத மாதம் கிடையாது. ஏதாவது சின்னக் கோளாறு என்று கூப்பிடுவார், அணைச்சுப் போடுங்க என்பேன், மாட்டேன் என்பார். அந்தத் திங்கட்கிழமையும் கூப்பிட்டார். சீரியல் வரவில்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"இந்தா புள்ள, ஒன் ரெக்கார்டு அணைக்கச் சொல்லுது, நீயும் அதைத்தான் சொல்லுவே, நான் அணைக்க மாட்டேன் போ, மேல சொல்லு."

பெரிய இடத்துச் சின்னக் குரல்

செவ்வாய்க்கிழமை கவிதா மூன்று தடவை கூப்பிட்டாள். ராஜேந்திரன் அண்ணன் மாயவரம் கம்பெனி ஆட்களிடம், ஒரே ஒரு வீட்டை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது என்று கெஞ்சிப் பார்த்தார். ஒரு வீடென்றாலும் முடியாது, மேலிடத்து உத்தரவு என்றார்கள். மேலிடம் எது என்று கேட்டால் அதற்கும் மேலிடம். எனக்குப் பொறுக்கவில்லை. நானே அந்தக் கம்பெனியின் புகார் எண்ணைப் பிடித்தேன்.

அட, என்ன ஒரு அனுபவம்! காத்திருங்கள் என்றது, பாட்டுப் போட்டது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்றது. காதில் போனை வைத்தபடியே மேசையைத் துடைத்தேன், காலண்டரை நேராக மாட்டினேன், டம்ளரைக் கழுவி வைத்தேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். பாவம், என் வயசுதான் இருக்கும். கவிதா விஷயத்தை முதலிலிருந்து கொட்டினேன். இரண்டு கம்பெனிச் சண்டையில் வீட்டில் இருப்பவள் என்ன பாவம் பண்ணினாள் என்று கேட்டேன். அவள் ம், ம் என்று கடைசிவரை கேட்டாள். அப்புறம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம், மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

ஊரோடு போன கரண்ட்

புதன்கிழமை மின்சாரத்துறை மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வரும். நல்ல வேளைக்குப் பார்த்து வைத்தார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அணைக்காதே அணைக்காதே என்று நான் போனில் காப்பாற்றி வைத்திருந்த அத்தனை வீட்டு மோடமும் ஒரே அடியில் அணைந்தது. கரண்ட் வந்ததும் ஊரே நாகைக் கம்பியில். பேங்க் மேனேஜர் ஒருவர், ரேஷன் கடைக்காரர் ஒருவர், ஒரு டாக்டர் வீட்டு அம்மா, எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி வரிசையில் வந்து திட்டினார்கள். வழக்கமாகத் திட்டுக்கு நடுவில் நானும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வேன். அன்று சொல்லவில்லை. மனசெல்லாம் குரும்பகரத்திலேயே இருந்தது.

கவிதாவே கூப்பிட்டாள். திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு, புதனும் போச்சு. வியாழனும் வெள்ளியும் முழுசாக வேலைக்கு வந்தால் போனதை மன்னித்துவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருக்கிறாராம், அதுவும் அவர் நல்லவராக இருக்கப்போய். மாமியார் அக்கம்பக்கத்தில் மருமகள் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். இப்போது வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லையாம், அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். வேறு கம்பி எங்கே இருந்தாலும் வந்து உட்காருகிறேன், தெரு விளக்குக் கம்பமாக இருந்தாலும் சரி என்றாள். கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் முடியுமா என்று பார்த்தால், அதுவும் எங்கள் கம்பிதான், கரண்டோடு அதுவும் நாகைக் கம்பிக்குப் போயாச்சு. நான் என்ன செய்வேன்? ஏதாவது பண்றேன்மா, ஏதாவது பண்றேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"பாவம்க்கா நீங்க, தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?"

பேங்க் அங்கே, சீரியல் இங்கே

அன்று சாயங்காலம் ஹமீதா ராத்தா மறுபடி கூப்பிட்டார். வழக்கமான சண்டைக்கு நான் தயாராக இல்லை. அவரும் சண்டைக்கு வரவில்லை, நியாயம் கேட்டு வந்திருந்தார். கரண்ட் வந்ததிலிருந்து அடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருகிறார்களாம். அவர் வீட்டில் மட்டும் பேங்க் திறக்கிறதாம். "என் வூட்டுல என்ன ஜின்னா ஓடுது?" என்று கேட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. இன்வர்ட்டர்! ஊர் முழுக்கக் கரண்ட் போனபோது அந்த ஒரு மோடம் மட்டும் கண்ணை மூடவில்லை. நான் எத்தனை மாதம் தொண்டை கிழியச் சொல்லியும் அணைக்காத புண்ணியவதி இன்னும் மாயவரம் கம்பியில் உட்கார்ந்திருக்கிறார்! "ராத்தா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன், என்ன ஆனாலும் அணைச்சுடாதீங்க" என்றேன். என்ன சொன்னே என்று ராத்தா திருப்பிக் கேட்டார். நான் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லையே. கவிதாவைப் பற்றிச் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒரு அறை கொடுப்பீர்களா என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடச் சொல்கிறோமே என்று சங்கடமாகத்தான் இருந்தது. ராத்தா யோசிக்கவே இல்லை.

"வரச் சொல்லு, பகல்ல நான்தான் சீரியலுக்குப் பக்கத்து வூட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கேனே, என் வூடு சும்மாத்தான் கெடக்கு."

பிரான்சிலிருந்து ஒரு போன்

கவிதாவின் மேலதிகாரி, கம்பி நெட்டும் கதவு சாத்திய அறையும் இருந்தால் எந்த வீடானாலும் சரி என்று ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் குரும்பகரத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். அன்று முழுக்க எனக்கு எந்தப் போனும் இல்லை, அதாவது அவளிடமிருந்து இல்லை. மற்றவர்கள் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாள் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பேன், போன் அடித்தது. வெளிநாட்டு எண். நிஜாம்.

"எங்க வீட்டுக் கூடத்துல யாரோ ஒரு பொம்பள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கா, உம்மா போனை எடுக்கல, உம்மாகிட்ட எதையோ பேசி ஏமாத்துறாங்க போலருக்கு, லைனை இப்பவே கட் பண்ணுங்க" என்று பதறினார். வியாழக்கிழமை ராத்தா சாப்பாட்டைக் கவிதாவின் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள், பிரியாணி போட்டு அவளைக் கூடத்துக்கே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார், கேமராவுக்கு நேராக. ஐயோ! இணைப்பு நிஜாம் பேரில் இருக்கிறது. பேருக்கு உரியவர் கட் பண்ணச் சொன்னால் பண்ணியாக வேண்டும், அது எங்கள் விதி. பண்ணினால் மறுபடி போடும்போது அந்த மோடமும் நாகைக் கம்பிக்குப் போய்விடும், கவிதாவின் வேலையும் கூடவே போய்விடும். சாயங்காலம்வரை தாங்கினால் போதும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கட் பண்ணுங்க கட் பண்ணுங்க என்கிறார், நான் தம்பி தம்பி ஒரு நிமிஷம் என்கிறேன். என் சொந்தப் போனில் ராத்தாவின் அடுத்த வீட்டு எண்ணைப் போட்டு, ஓடிப்போய் ராத்தாவிடம் கொடுங்கள் என்றேன். ராத்தா வந்ததும் இரண்டு போனையும் வாயும் காதுமாக ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டேன். சாம்பார் சாதக் கையோடு.

முதலில் நிஜாம்தான் பொரிந்தார். யார் அவ, ஏன் உள்ள விட்டே, நான் இங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்றார். ராத்தா அவரை முடிக்க விட்டார். எனக்குப் பயமாக இருந்தது, மகன் பேச்சைத் தட்டாதவராச்சே. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். லைனைக் கட் பண்ணும் பேச்சு அதோடு நின்றது.

"வாப்பா, நீ கேமராவுல நாளும் பாக்குறே, நான் தனியா உக்காந்து சாப்பிடுறதைத்தான் பாக்குறே, இன்னிக்கு எதுத்தாப்புல ஒரு ஆளு உக்காந்து சாப்பிடுது, அது மட்டும் ஒனக்குப் பொறுக்கலியா?"

புகார் இல்லாத புகார்

சாயங்காலம் கவிதா கூப்பிட்டாள். வேலை நிரந்தரம். இப்போதுதான் அழுதாள், நன்றாக அழுதாள். நானும் கூடவே அழுதேன். ராஜேந்திரன் அண்ணன் மாடியேறி வந்தவர், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய கம்பெனியும் பேசி முடித்துக்கொண்டனவாம். எதற்குச் சண்டை போட்டார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள், ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் எல்லாம் திறந்தது. கருக்களாச்சேரியில் காத்து வந்தது, கடைத்தெருவில் பேங்க் வந்தது. குரும்பகரத்தில் கவிதா தன் வீட்டு அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்த்தாள். எனக்கும் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்காரக் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், ஹமீதா ராத்தா கூப்பிட்டார். "என்ன ராத்தா, நெட்டு வரலையா?" என்றேன். வருது என்றார். "மெதுவா வருதா?" இல்லை, நல்லா வருது என்றார். "கேமரா?" அதுவும் ஓடுது. "சீரியல்?" அதுவும் வருது. பின்னே எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் தட்டு நகரும் சத்தம் கேட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு புள்ள, அந்தப் பொண்ணுதான் வரமாட்டேங்குது, அந்த ரெண்டு கம்பெனிக்காரனுக்கும் மறுபடி ஒரு சண்டை மூட்டி விடேன், ஒனக்காக துவா செய்றேன்."

நெட்டு வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு எல்லாக் கம்பெனியும் பாடம் எடுத்திருக்கிறது, நெட்டு வந்துவிட்டதே என்று தவிக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் ஒரு கம்பெனியும் இதுவரை சொல்லித் தரவில்லை.